நீலம் டல்லடித்த சீசன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய சாக்கடை ஒருநாள் மஞ்சளாக ஓடும், ஒருநாள் ரோஸ் நிறத்தில் ஓடும், இன்னொரு நாள் நீலமாக ஓடும். மண்ணெண்ணெய் வாசனை மட்டும் எந்த நிறத்திலும் மாறாது. சிவகாசியில் அச்சகத்தை ஒட்டிக் குடியிருந்த பிள்ளைகளுக்கு இது அதிசயமில்லை. உருளையைக் கழுவிய தண்ணீர் என்ன நிறமோ அதுதான் அன்றைய வேலை என்று தெருவுக்கே தெரியும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவிடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஆஃப்செட் மெஷின், அதுவும் ஒரு தடவைக்கு ஒரு நிறத்தை மட்டும் அடிக்கிற மெஷின். தாள் முழுவதற்கும் முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் சிவப்பு, அதன் மேல் நீலம், கடைசியில் கறுப்பு என்று அடுக்கடுக்காக ஏற்றினால்தான் காலண்டர் லட்சுமியோ, முருகனோ, மத்தாப்புப் பெட்டியின் மேல் சிரிக்கிற குழந்தையோ முழுசாக வெளியே வருவார்கள். நீலம் ஏறுகிற நாளில்தான் படத்துக்கு உயிர் வரும் என்று அத்தா சொல்வார். அன்றைக்கு அவர் மெஷினை விட்டு நகரவும் மாட்டார், எங்களைக் கிட்டே சேர்க்கவும் மாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த முதல் சில வருடங்கள் அவை. நான் ஆறாவதும் ஏழாவதும் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வயதில் என் காதில் அதிகம் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை எது என்று கேட்டால், "டல்" என்று யோசிக்காமல் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் அல்ல, வீட்டிலும் தெருவிலும். மழை நாலு நாள் சேர்ந்து விழுந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து காயாமல் போனால் "வேலை டல்லு". தீபாவளிக்கு வடக்கேயிருந்து வர வேண்டிய ஆர்டர் வராவிட்டால் "சீசன் டல்லு". ஈரம் பாய்ந்த சரவெடி பாதியில் நின்று முணுமுணுத்தால் "சத்தம் டல்லடிக்கி". சாயங்காலம் ஊர் முழுக்க மின்சாரம் இறங்கி குண்டு பல்பு ஆரஞ்சு நிறமாக எரிந்தால் "கரண்டு டல்லு". கணக்கில் மார்க் வாங்காத பையன் டல்லு, மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு பதில் சொல்லாமல் போன கறுத்த பெண்ணும் "கொஞ்சம் டல்லு கலரு". படுத்த படுக்கையாகி ஆகாரம் இறங்காமல் கிடக்கிற பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கூட வாசலில் நின்று, "ரொம்ப டல்லாயிட்டாக" என்றுதான் சொல்வார்கள். இரண்டு நாளில் அந்த வீட்டிலிருந்து அடக்கத்துக்குச் சந்தூக்குப் பெட்டி போகும்.

ஏழாவதில் எங்கள் இங்கிலீஷ் டீச்சர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர், ஒரு பாடத்தில் அந்த வார்த்தை வந்தபோது அதற்கு அர்த்தம் கேட்டார். வகுப்பே கையைத் தூக்கியது. எங்களுக்குத் தெரியாத வார்த்தையா! ஒருத்தி யாவாரம் என்றாள், ஒருத்தி கலர் என்றாள், கம்பெனிக்காரர் மகள் ஒருத்தி எழுந்து "மழை பெய்ஞ்சா வாரது டீச்சர்" என்றாள். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போர்டில் "மந்தமான, மங்கிய, மழுங்கிய" என்று எழுதிப் போட்டார். கத்தி மழுங்குவதற்கும் இதே வார்த்தைதான் என்றார். அந்த "மழுங்கிய" மட்டும் எனக்கு இடித்தது. எங்கள் ஊர் டல்லுக்குள் ஒரு வாக்குறுதி இருந்தது. இன்றைக்கு டல் என்றால் நாளைக்கோ அடுத்த சீசனிலோ எழுந்துவிடும் என்று அர்த்தம். மழுங்கின கத்தி தானாகவா கூராகும்?

இப்போது யோசித்தால் அதற்காகத்தான் எங்கள் ஆட்கள் அந்த வார்த்தையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. இறங்குமுகத்தைச் சொல்லத் தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? நொடிந்தது, நலிந்தது, தேய்ந்தது, மங்கியது, ஓய்ந்தது என்று வரிசையாக நிற்கின்றன. ஆனால் யாவாரம் "நொடிஞ்சு போச்சு" என்று ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் மறுநாள் காலையில் பேப்பர் கடைக்காரர் பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார். டல் என்று சொன்னால் யாரும் பதற வேண்டியதில்லை, கேட்டவரும் "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். வலிக்கிற இடத்தில் கை படாமல் பேச வசதியான வார்த்தை. எனக்கு அதன் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

அத்தாவைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல உயரம், வெள்ளைச் சட்டைதான் போடுவார், அச்சகத்துக்குள் வெள்ளைச் சட்டை போடுகிறவர் எங்கள் தெருவிலேயே அவர் ஒருவர்தான். மைக் கறை படாமல் வேலை பார்க்கத் தெரிந்தவன்தான் வேலைக்காரன் என்று பீற்றிக்கொள்வார். அம்மா கேட்டு, "படுற கறையத் தொவைக்கிறவளுக்குல்ல தெரியும்" என்பார். ஊரில் எத்தனையோ பெரிய அச்சகங்கள் நாலு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கிற மெஷினை இறக்கிவிட்ட காலத்திலும் அத்தாவைத் தேடி ஆட்கள் வந்ததற்குக் காரணம் அவருடைய கண். கலர் பிடிப்பதில் "பாய் கண்ணு" என்று பெயர். மெஷின்மேன் செல்வராசு அண்ணன் முதல் சில தாள்களை ஓட்டி எடுத்துக் கொடுப்பார். அத்தா அதை டியூப் லைட்டில் பார்க்க மாட்டார், கையில் ஏந்தி வெயிலுக்குக் கொண்டுபோய், ஆர்டர் கொடுத்த பார்ட்டி ஒப்புக்கொண்ட மாதிரிப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு ஓடுகிற நிறத்துக்குத் தக்கபடி "செவப்பக் கொற", "மஞ்சளத் தூக்கு" என்று இரண்டு மூன்று தடவை சொல்லி, மனசுக்குச் சரிப்பட்டதும் தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெயர் "ஓகே ஷீட்". அதைச் சுவரில் ஒட்டிவிட்டு அதே மாதிரி கடைசித் தாள் வரை ஓட்ட வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகு மையில் யாரும் கை வைக்கக் கூடாது, அதுதான் எங்கள் ஊர் அச்சகங்களின் சட்டம்.

அத்தாவுக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் எங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் கதவு சாத்தப்படும். சீசன் ஆரம்பித்துவிட்டது என்றால் கல்யாணம் பேச மாட்டார்கள், ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்ற மாட்டார்கள், சொத்தைப் பல்லைப் பிடுங்கக் கூடப் போக மாட்டார்கள். "சீசன் முடியட்டும்." தீபாவளிக்குப் பட்டாசு லேபிள், அது முடிந்த கையோடு காலண்டர், பொங்கல் வரை மூச்சு விட நேரமிருக்காது. குடல்வால் வலியோடு நெளிந்தவர் கூட லோடு ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் அது.

நான் ஏழாவது படித்த அந்த வருடம் அத்தா அடிக்கடி ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "நீலம் டல்லடிக்கி." முதலில் மை சரியில்லை என்றார், மைக் கம்பெனியை மாற்றினார். பிறகு தாள் சரியில்லை என்றார். பிறகு கரண்டு டல் என்றார், ஆனால் அவர் வெயிலில்தானே பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் செல்வராசு அண்ணனிடம் நீலத்தைக் கூட்டச் சொன்னார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்கிக்கொண்டிருக்கும்போது செல்வராசு அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னது காதில் விழுந்தது.

"மொதலாளி, இம்புட்டுப் போதும்னு நெனைக்கேன்."

"எனக்கே சொல்லித் தாரியாலே? டல்லா இருக்குல்லா, ஏத்துலே."

ஏற்றினார். அவர் மேல் தப்பில்லை. பேர் போன கண் அது, அவர் யார் அதைச் சந்தேகப்பட? மை கூடினாலும் குறைந்தாலும் கையெழுத்து முதலாளியுடையது.

அம்மாவுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. பெருநாளுக்கு அத்தா மதுரையில் ஒரு சேலை எடுத்து வந்தார். பேப்பரைப் பிரித்து, "ஒனக்குப் பிடிச்ச மயிலு நீலம், கடையவே பெரட்டிப் போட்டுல்ல எடுத்தேன்" என்று அம்மாவின் மடியில் வைத்தார். சேலை பச்சை. வெற்றிலைப் பச்சை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கால் விரலைத் தன் காலால் அழுத்தினார். "நல்ல நீலம்" என்றார். பெருநாள் அன்று அதைத்தான் கட்டிக்கொண்டார். வந்த சொந்தக்காரர்கள் பச்சை உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாதே என்று நாள் முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அன்று மாலை, எல்லாரும் போன பிறகு அம்மா கேட்டார்.

"என்னங்க, கொஞ்ச நாளா டல்லாவே இருக்கீக. மதுரைக்குப் போயி கண்ண ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?"

"கண்ணுக்கென்ன? நோம்பு வச்ச களைப்பு. சீசன் முடியட்டும், போவோம்."

அம்மாவும் மேலே பேசவில்லை. பேசியிருக்கலாம். அச்சகக்காரருக்குக் கண்ணில் கோளாறு என்று சந்தையில் ஒரு வார்த்தை கசிந்தால் அடுத்த நாளே ஆர்டர் வேறு கதவுக்குப் போய்விடும் என்பது அம்மாவுக்கும் தெரியும். பயம் இரண்டு பேருக்கும் இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ள இருவருக்கும் கிடைத்தது அந்த ஒரு டல்தான். அதற்குப் பிறகு அம்மா அவருடைய தட்டில் மீன் முள்ளை எடுத்துவிட்டு வைத்தார், படியில் தண்ணீர்க் குடம் வைப்பதை நிறுத்தினார், சாவியைத் தொங்கவிடும் ஆணிக்குக் கீழே சுண்ணாம்பால் பட்டையாக ஒரு கோடு போட்டார். எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. அத்தாவுக்குக் கண் போய்விடுமோ என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அப்படிலாம் சொல்லாத, வெறும் டல்லுதான்" என்று என் வாயைப் பொத்தினார்.

மார்கழி பிறந்ததும் விருதுநகரிலிருந்து பருப்பு மண்டி அண்ணாச்சி வந்தார். வருடா வருடம் தன் மண்டியின் பெயர் போட்ட லட்சுமி காலண்டரை அத்தாவிடம்தான் அடிப்பார். புது வருடத்துக்கு வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பது வழக்கம். அவர் வந்தால் அத்தாவின் தோளில் கை போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அன்று கை போடவில்லை. கூட வந்த வேனிலிருந்து காலண்டர் கட்டுகளைத் தொப்பென்று இறக்கி வைத்தார்கள். ஒன்றை உருவி விரித்து அத்தாவின் முன்னால் நீட்டினார்.

"பாய், தப்பா எடுத்துக்கிடாதீக. தாயாரு மொகத்தப் பாருங்க. நீலம் பாரிச்சு, தண்ணியில கெடந்து எடுத்த மாதிரி இருக்கு. வருசப் பொறப்புல இத எப்படிக் கடையில மாட்டச் சொல்றீக?"

நான் கதவோரம் நின்று பார்த்தேன். உண்மைதான். பொன் நிறமாக இருக்க வேண்டிய கன்னங்கள் சாம்பல் பூத்து, உதடு நாவல் பழம் தின்ற வாயாகி, கையிலிருந்து கொட்டுகிற காசு கூடப் பாசி பிடித்துக் கிடந்தது. சாமி படத்தில் குறை வந்துவிட்டால் துலுக்க வீட்டு அச்சகத்தில் வேண்டுமென்றே செய்தார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பது அத்தா உள்ளுக்குள் எப்போதும் வைத்திருந்த பயம். அதனாலேயே சாமி படங்களுக்கு அவர் இரண்டு மடங்கு மெனக்கெடுவார். அண்ணாச்சிக்கு அந்த நினைப்பே இல்லை. அவர் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டும்.

அத்தா பதறவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. மாதிரிப் படத்தை எடுத்துவரச் சொல்லி, இரண்டையும் கையில் ஏந்தி, வழக்கம் போல முற்றத்து வெயிலுக்குப் போனார். நல்ல உச்சி வெயில். கண்ணுக்குக் கிட்டே கொண்டு வந்தார், தள்ளிப் பிடித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். மெஷின் நின்றிருந்தது. பிறகு சந்தோஷமாகவே சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு அண்ணாச்சி?"

செல்வராசு அண்ணன் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அத்தா ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தார், எங்கள் முகங்கள் அவருக்கு எந்த அளவுக்குத் தெரிந்தனவோ. அண்ணாச்சிதான் கடைசியில் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், கண்ணு கொஞ்சம் டல்லா இருக்கோ?"

அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்க வேண்டாம்.

"ஆமா அண்ணாச்சி. சீசன் அலைச்சலு, லேசா டல்லு. சீசன் முடிஞ்சா சரியாயிரும்."

"ஆகும், ஆகும்" என்றார் அண்ணாச்சி. அவர் நல்ல மனிதர். அந்த நல்ல மனதால்தான் அந்த இடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார். நாங்கள் எல்லாரும் அந்த ஒற்றை வார்த்தையின் கீழ் ஒண்டிக்கொண்டோம். யாராவது ஒருவர், "ஐயா உமக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, வண்டியில் ஏறும்" என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அந்த வேன் காலியாகத்தான் நின்றுகொண்டிருந்தது.

லட்சுமியை மறுபடி அடித்தார்கள். இந்தத் தடவை செல்வராசு அண்ணனின் கண். ஆனாலும் தாளை அத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், அத்தா வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து படத்தின் மேலேயே ஏறியிருந்தது. காலண்டர் போய்ச் சேர்ந்தது, பொங்கலும் வந்தது, சீசன் முடிந்தது. நாளைக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை தொழுகை முடியட்டும், வசூல் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓடியது. தள்ளிப் போட்டுப் பழகியவருக்குச் சீசன் முடிந்ததும் வேறு சாக்கு கிடைக்காமலா போகும்?

தை மாதத்தில் ஒரு காலை, அத்தா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன்.

"என்னடி இது, தண்ணி செவப்பா வருது?" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "தொட்டியில எவனும் மையக் கவுத்துட்டானா?"

அம்மா ஓடி வந்து பார்த்தார். குழாயில் தண்ணீர் தெளிவாக வந்துகொண்டிருந்தது. அத்தா இரண்டு கையிலும் அதை ஏந்தி முகத்துக்கு நேரே பிடித்து, "பாரு, எம்புட்டுச் செவப்பு" என்றார். அம்மா அந்தக் கைகளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து அழுதார். அம்மா சத்தம் போட்டு அழுது நான் அன்றுதான் கேட்டேன். ரத்தம் தண்ணீரில் இல்லை, அத்தாவின் கண்ணுக்குள் கசிந்திருந்தது.

மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் என்னையும் கூட்டிப் போனார்கள், வீட்டில் விட ஆள் இல்லாததால். இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலதில் பாதியையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொன்ன டாக்டர் வயதில் சின்னவர், வேறு ஊர்க்காரர். சர்க்கரை கண்ணின் உள் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் லேசரில் நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார். நிறம், அதிலும் நீலம், இப்படித்தான் முதலில் வெளுக்கும் என்றார். "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்று கோபமாகவே கேட்டார்.

"சீசனுங்க" என்றார் அம்மா.

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன சீசன் என்று கேட்டார். அம்மா விளக்கப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். எங்கள் ஊருக்கு வெளியே அந்தப் பதிலுக்கு மதிப்பே இல்லை என்று அந்த அறையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வலது கண் அதற்குப் பிறகு சில வருடங்கள் தாக்குப் பிடித்து, நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அதுவும் அணைந்தது. மெஷினை வாங்கியவர்கள் கழற்றித்தான் கொண்டுபோனார்கள், வாசல் வழியாக முழுசாகப் போகவில்லை. அம்மா வீட்டிலேயே பட்டாசுப் பெட்டிக்குப் பசை தடவி ஒட்டுகிற வேலையை எடுத்தார். முன்பு நாங்கள் அடித்துக் கொடுத்த லேபிளை இப்போது வேறு யாரோ அடித்துக் கொடுக்க, அதைப் பெட்டியில் ஒட்டி என்னைப் படிக்க வைத்தார். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிகளை அடுக்குவார். தொட்டுப் பார்த்தே மூலை சரியாக மடிந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வருகிறவர்கள் யாவாரத்தைப் பற்றி டல் என்று பேச்செடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கப்புறம் நான் கேட்டதே இல்லை.

இப்போது அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் சாமான்கள் வைக்கிற குடோன் இருக்கிறது. செல்வராசு அண்ணன் திருப்பூருக்குப் போனார், பிறகு தகவல் இல்லை. காலண்டர் இன்னும் அடிக்கிறார்கள், ஆனால் கலரைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, யாரும் தாளை ஏந்திக்கொண்டு வெயிலுக்கு ஓடுவதில்லை. அது நல்லதுதான், ஒரு மனிதனின் கண்ணை நம்பி ஒரு குடும்பம் தொங்க வேண்டியதில்லை. அம்மா இப்போது இல்லை, மவுத்தாகிவிட்டார். அத்தா விருதுநகரில் என்னோடு இருக்கிறார், நான் மல்லாங்கிணறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர் கடைசியாகத் தெளிவாகப் பார்த்த என் முகம் ஏழாவது படித்த பிள்ளையின் முகம், அதற்குமேல் நான் வளர்ந்தது அவருக்குக் குரலாக மட்டும்தான் தெரியும். அதனாலோ என்னவோ, நான் எப்படி இருக்கிறேன் என்று என் மகளிடம் அடிக்கடி கேட்டுக்கொள்வார்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம் அப்படிக் கேட்டபோது மகள், "அம்மா இப்பல்லாம் ரொம்ப டல்லா இருக்காக நன்னா. மெலிஞ்சிட்டாக. தண்ணி தண்ணின்னு குடிக்காக" என்று தன் தாத்தாவிடம் சொல்லிவிட்டாள். அத்தா என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்றார். பரீட்சை நேரம் அத்தா, பேப்பர் திருத்தி முடியட்டும், லீவில் போகிறேன் என்றேன். என் வாழ்நாளில் என்னை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர், கையிலிருந்த டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தார்.

"எது முடியட்டும்? எதுடி முடியணும்?"

மறுநாள் காலை எழுந்து வரும்போது குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டையின் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு போன் செய்து லீவு சொன்னேன்.

மதுரையில் எனக்கும் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் கதையைக் கேட்டதும் கண்ணையும் பார்த்துவிடலாம் என்று மருந்து விட்டு உட்கார வைத்தார்கள், ரொம்ப நேரம் பார்த்தார்கள். கண்ணுக்குள் இன்னும் ஒன்றும் இறங்கவில்லை, வருடா வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள். அந்த மருந்தின் வேகம் சாயங்காலம் வரை இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வெயில் கண்ணைக் குத்துகிறது, பஸ்ஸின் போர்டு வெறும் வெளிச்சமாகத் தெரிகிறதே தவிர எழுத்து ஒன்று கூடத் தெரியவில்லை. அத்தாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்த நான், அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விருதுநகர் பஸ் எது என்று கேட்டேன். ஒரு கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருப்பார், தானே கூட்டிப் போய் ஏற்றிவிட்டார்.

பஸ் கிளம்பிய பிறகு அத்தா மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரு சொன்னது இருக்கட்டும். இப்ப நீ பாத்துச் சொல்லு. நீலம் தெரியுதா?"

"மருந்து விட்டதுனால எல்லாம் பொகையாத் தெரியுது அத்தா. நீலம் தெரியுது."

"மெய்யாவா? எனக்காகச் சொல்லாத. எங்கன தெரியுது?"

ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு கடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய். சைக்கிளில் போகிற குடம். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பெண்களின் பாவாடை. யாரோ புதிதாக அடித்த ஒரு வீட்டுச் சுவர். திருமங்கலம் தாண்டியும் சொல்லிக்கொண்டே வந்தேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அத்தா என் கையை அழுத்தினார்.